உப்புக்காற்றில் ஒரு பழைய லேப்டாப்: ராமும் மாற்றினேன், ப்ராசசரும் மாற்றினேன்

புது லேப்டாப் எதுவும் வாங்கவில்லை. போன ஜூலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா வீடியோவைத் தேர்ப்பவனி முடிந்த கையோடு கொடுத்துவிட்டேன். அதிலிருந்து எங்கள் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் பாதிப் பேர் நான் ஏதோ பெரிதாக இறக்கிவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டார்கள். அதே டெல் லாட்டிட்யூட் இ6430தான். 2012-ல் வந்த மாடல். எங்கோ ஒரு ஆபீசில் உழைத்துத் தேய்ந்து, செகண்ட் ஹேண்டில் என் கைக்கு வந்தது. அதன் ராமையும் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைக்கும் மெமரி), மூளையான ப்ராசசரையும் மாற்றினேன், அவ்வளவுதான். எப்படி, எவ்வளவு, எங்கே என்று ஆளாளுக்கு போனில் கேட்பதால் எழுதிவைத்துவிடுகிறேன்.

என் பிழைப்பு வீடியோ எடுப்பதும் எடிட் செய்வதும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். போட்டுக்காரர்கள் கரையில் இருப்பதால் வீட்டு விசேஷங்களை அப்போதுதான் வைப்பார்கள். அந்த ரெண்டு மாதம் எனக்கு மூச்சுவிட நேரம் கிடைக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் லேப்டாப்பும் முக்கி முனகும்.

இந்தத் தீவில் ஒரு லேப்டாப் மெதுவாகிவிட்டது என்றால் உடனே வயசைச் சொல்லாதீர்கள். முதல் சந்தேகம் உப்பின் மேல் இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானாகக் கரைய ஆரம்பிக்கும். அடுப்படியில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே உப்பு ஆடிக்காற்றில் மணலோடு சேர்ந்து ஃபேன் வழியாக உள்ளே போகிறது. போர்டின் மேலும் செம்பின் மேலும் படிந்து ராத்திரியில் ஈரமாகிறது, பகலில் காய்கிறது. அதை ஒருமுறை திறந்து பார்க்காமல் பார்ட்ஸ் வாங்குவது காசைக் கடலில் போடுவதுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பாம்பனில் ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிற தம்பி தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதுவும் டெல்தான்.

"அண்ணே, செத்துப்போச்சுண்ணே. உங்களது மாதிரி ப்ராசசர் மாத்திருங்க."

சார்ஜரின் முனையைப் பார்த்தேன். அந்த மாடல்களில் முனைக்குள் நடுவே மெல்லிய பின் ஒன்று இருக்கும். மின்சாரம் கொண்டுபோக இல்லை அது. இது எத்தனை வாட் அடாப்டர் என்ற தகவலை லேப்டாப்புக்குச் சொல்வதற்கு. அவருடையதில் அந்தப் பின் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது. தகவல் போய்ச் சேராவிட்டால் லேப்டாப் அந்த அடாப்டரை நம்பாது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றாது, பாதுகாப்புக்காக ப்ராசசரின் வேகத்தையும் அடியோடு இறக்கிவிடும். ஆன் செய்யும்போது திரையில் எச்சரிக்கை வரும். அதை யார் படிக்கிறார்கள்? ஏதோ ஒரு கீயைத் தட்டித் தாண்டிவிடுவோம். முனையையும் லேப்டாப்பின் துளையையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவைத்துச் செருகினேன். பழையபடி ஓடியது.

"எவ்வளவுண்ணே?"

"டீ வாங்கிக் குடு, போதும்."

சரி, என் கதைக்கு வருகிறேன். ராமில் ஆரம்பித்தேன். யாராக இருந்தாலும் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். என்னுடையதில் 4 ஜிபி ஒரே ஒரு துண்டு. நான் எடிட்டிங்குக்கு வைத்திருக்கும் ஷாட்கட், எச்டி வீடியோவுக்கே 8 ஜிபி கேட்கிறது. இந்த மாடலில் ரெண்டு ஸ்லாட், எட்டும் எட்டுமாக 16 ஜிபி வரை போகலாம். ஒரே அளவில் ஜோடியாகப் போட்டால் ட்யூயல் சேனலில், அதாவது ரெண்டு துண்டும் ஒரே நேரத்தில், வேலை செய்யும். ஒற்றைத் துண்டில் விநாடிக்கு 12.8 ஜிபி என்றிருக்கும் வழி 25.6 ஆகிவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் திரைக்கான மெமரியும் இதிலிருந்துதான் போகிறது என்பதால், ஜோடி போட்ட வித்தியாசம் வீடியோவை ஓட்டிப் பார்க்கும்போதே தெரிகிறது.

வாங்கும்போது கடைக்காரர் சொல்வதைக் கேட்காமல் ஸ்டிக்கரைப் படியுங்கள். 204 பின் உள்ள லேப்டாப் ராம், டிடிஆர்3எல், பிசி3எல்-12800எஸ் என்று இருக்க வேண்டும். அந்த 'எல்' 1.35 வோல்ட்டைக் குறிக்கிறது. 1.5 வோல்ட் ராமும் இதில் ஓடும், ஆனால் கொஞ்சம் கூடுதலாகச் சுடும். டிடிஆர்4 துண்டுக்கு 260 பின். வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. இன்னொன்று, 8 ஜிபி துண்டில் ரெண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப் இருக்கிறதா என்று பாருங்கள். எட்டே சிப்பில் 8 ஜிபியை அடைத்து வருகிற துண்டுகள் இந்தத் தலைமுறை இன்டெலுக்குப் புரியாது. 16 ஜிபி ஒற்றைத் துண்டும் அப்படியே. விலை மலிவு என்று வாங்கிவந்து பலர் விழிப்பது இங்கேதான்.

விண்டோஸ் 7 32-பிட் போட்டிருப்பவர்கள் ராம் வாங்கும் முன் அதை மாற்றிக்கொள்ளுங்கள். எத்தனை ஜிபி போட்டாலும் 4-க்கு மேல் அதற்குக் கண் தெரியாது.

பழைய ராமின் தங்கப் பல்லை பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம்மூர் வழக்கம். எனக்குப் பிடிக்காது. துகள் ஸ்லாட்டுக்குள் விழும், பூச்சும் தேயும். ஆல்கஹால் தொட்ட துணியே போதும்.

ராம் மாற்றியதுமே லேப்டாப் ஆளே மாறிவிட்டது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்தது. பலருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. பில் போடுவது, பிள்ளைகள் படிப்பது, அரசு இணையதளத்தில் விண்ணப்பம் போடுவது இதற்கெல்லாம் ப்ராசசர் மாற்றுவது வீண் செலவு.

எனக்குத் தேவைப்பட்டது. வெட்டி ஒட்டிய வீடியோவைக் கடைசியில் ஒரே ஃபைலாக மாற்றும் வேலை ப்ராசசரின் தலையில்தான் விழுகிறது. அதிலும் ராத்திரித் தேர்ப்பவனியைச் சொல்லுங்கள்! சீரியல் லைட்டு மின்னும், வாணம் வெடிக்கும், இருட்டில் எடுத்ததால் படமெல்லாம் புள்ளி பறக்கும். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் ஒற்றுமையே இருக்காது என்பதால் அதைச் சுருக்குவதற்குள் ப்ராசசருக்கு நாக்குத் தள்ளிவிடும். உள்ளே இருந்தது ஐ5-3320எம். ரெண்டு கோர் (வேலை செய்யும் மையம்), 2.6 கிகாஹெர்ட்ஸ், 3 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரி). மாற்றிப் போட்டது ஐ7-3632கியூஎம். நாலு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), 2.2-ல் ஆரம்பித்து 3.2 வரை ஏறும், 6 எம்பி கேஷ்.

இன்னும் வேகமான 45 வாட் ஐ7 சிப்புகளும் போர்டில் சிப்பைச் செருகும் இதே சாக்கெட்டில் உட்காரும். வேண்டாம் என்று விட்டேன். பழையதும் 35 வாட், 3632-ம் 35 வாட். சூட்டை இழுத்து வெளியேற்றும் என் ஹீட்சிங்க் எத்தனை சூட்டைத் தாங்கியதோ அதே அளவுதான் இதற்கும். சித்திரை வெயிலில், ஓட்டுக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்கிறவனுக்கு அந்தப் பத்து வாட் பெரிய விஷயம்.

எல்லா லேப்டாப்பிலும் இது நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிப் சாக்கெட்டில் இருந்தால்தான் மாற்றலாம். போர்டோடு பற்றவைத்து, அதாவது சால்டர் செய்திருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். மாடல் எண்ணின் கடைசியில் 'யூ' இருந்தால் சால்டர். இன்டெலின் ஐந்தாம் தலைமுறையிலிருந்து லேப்டாப் சிப் எல்லாமே சால்டர்தான். 'எம்' என்று முடிந்தாலும் நம்பிவிடாதீர்கள், ஐ5-3320எம் ரெண்டு விதமாகவும் வந்திருக்கிறது. சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளில் பேக்கேஜ் என்ற இடத்தில் 988பி ஆர்பிஜிஏ என்று காட்டினால் சாக்கெட். காசு கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். லேப்டாப்பை ஆரம்பித்துவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸையும் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பழைய சிப் உள்ளே இருக்கும்போதே, பேட்டரியில் சார்ஜும் இருக்கும்போது. நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்.

சிப் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தது, கழற்றிய பழசு. மச்சான் சேது எக்ஸ்பிரஸில் வரும்போது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகுதான் இந்த வசதி திரும்ப வந்தது. பழைய பாலத்தை மூடிய 2022 டிசம்பரிலிருந்து அதுவரை ரயில் தீவுக்குள் வரவில்லை. சட்டைப் பை என்றதும் எனக்குப் பக்கென்றது. இந்த ரகத்தில் பின் எல்லாம் சிப்பின் அடியில்தான் இருக்கின்றன, மயிர் கனத்தில் 988. நல்லவேளை, கடைக்காரர் பிளாஸ்டிக் டப்பியில் அடைத்துக் கொடுத்திருந்தார்.

பேட்டரியைக் கழற்றி, அடிமூடியைத் திறந்தால் ராமும் ஹீட்சிங்கும் கைக்கு எட்டும்படி இருக்கும். இந்த மாடலை நான் விடாமல் வைத்திருப்பதே அதனால்தான். ஆனால் ஸ்க்ரூ? துருப்பிடித்து தலை மழுங்கியிருந்தது. ஸ்க்ரூ டிரைவருக்கும் தலைக்கும் நடுவில் பட்டையான ரப்பர் பேண்டு ஒன்றை வைத்து அழுத்தித் திருப்பினால் பிடிமானம் கிடைக்கும். எண்ணெய் ஊற்றி ஊறவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், போர்டில் வழிந்துவிடும்.

ஹீட்சிங்கைத் தூக்கிப் பார்த்தால், காற்று போகிற செம்புத் தகடுகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. இடுக்கில் இருந்தது வெறும் தூசி இல்லை. தூசியும் மணலும் உப்பும் சேர்ந்து இறுகிய ஒரு பட்டை. விரலால் நெம்பினேன், முழுசாகக் கையோடு வந்தது. இத்தனை நாள் காற்று எந்த வழியாகப் போனது என்றே தெரியவில்லை. எடிட்டிங் ஓடும்போது சூடு 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம் கையில் இருந்தது. களிம்பைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் ஆல்கஹாலாலும் தேய்த்து எடுத்தேன்.

சாக்கெட்டின் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதை இடப்பக்கம் அரைச் சுற்று திருப்பினால் பிடி விட்டுவிடும், சிப்பை நேராகத் தூக்க வேண்டியதுதான். புதியதை வைக்கும்போது மூலையில் உள்ள முக்கோணக் குறி சாக்கெட்டின் குறியோடு சேர வேண்டும். சரியாக வைத்தால் தன் எடையிலேயே இறங்கும். இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள், எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். பூட்டிய பிறகு நடுவில் பளபளப்பாகத் தெரிகிற சிலிக்கான் மேல் உளுந்து அளவு தெர்மல் பேஸ்ட், சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை. மேலே மூடி எதுவும் இல்லாத சிப் என்பதால் ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் ஓரம் உடைந்துவிடும்.

முதல்முறை ஆன் செய்தபோது திரை கறுப்பாகவே நின்றது. ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, படம் இல்லை. புது ராமையும் சிப்பையும் அளந்து பார்க்க பயாஸ் எடுத்துக்கொள்ளும் நேரம் அது. தெரிந்திருந்தும் வயிறு கலக்கத்தான் செய்தது. பிறகு லோகோ வந்தது.

இப்போது முழு வேலை ஓடும்போதும் சூடு 85-ஐத் தாண்டுவதில்லை. திருவிழா வீடியோவை ஃபைலாக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 65 வாட் அடாப்டரை ஒதுக்கிவிட்டு 90 வாட் வைத்துக்கொண்டேன். சிப்புக்கும் ராமுக்கும் சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ன் ஆதரவுப் பட்டியலில் இந்தத் தலைமுறைச் சிப் இல்லை. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுவிட்டேன். ஷாட்கட் அதிலும் அப்படியே ஓடுகிறது.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மகன் தன் லேப்டாப்பையும் கொண்டுவந்து வைத்தான்.

"சித்தப்பா, எனக்கும் ஐ7 போட்டுத் தாங்க."

கடைசி எழுத்து 'யூ'. சால்டர். முகம் தொங்கிவிட்டது. திறந்து பார்த்ததில் ஒரு ராம் ஸ்லாட் காலியாக இருந்தது, அதுவும் டிடிஆர்3எல். என்னிடம் மிச்சமிருந்த 4 ஜிபி துண்டை அதில் செருகி, ஃபேனைத் துடைத்துக் கொடுத்தேன். உள்ளே இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்தான் சுற்றுகிறது. மதினி கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். பாசிக் காசு வந்ததும் எஸ்எஸ்டிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 240 ஜிபி சாட்டா, ரெண்டரை இஞ்ச், ஏழு மில்லிமீட்டர் கனம் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.