எங்கள் ஏரிக்கரைக்குப் பத்திரம் வாங்கிய கதை

ஒருவழியாக எங்கள் குடியிருப்பு ஏரியின் அணையைப் பழுதுபார்க்க அனுமதி வந்துவிட்டது. அட்லாண்டாவுக்கு வடக்கே ஏரியோடு கூடிய குடியிருப்புகளில் நம் ஆட்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள். நான் பட்ட அலைச்சலை அவர்களும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஜார்ஜியா மாநில அணைப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து எங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு வந்த ஒரு கடிதத்தில் எல்லாம் ஆரம்பித்தது. உடைந்தால் உயிர்ச்சேதம் வரும் என்று கருதப்படும் அணைகள் ஜார்ஜியாவில் கேட்டகரி 1. எங்களுடையது அதுவரை கேட்டகரி 2. கரை அதே கரைதான். ஆனால் கீழே ஓடையோரம் புதிதாக வீடுகள் வந்துவிட்டன, அதனால் வகை மாறிவிட்டது. இனி அனுமதி, பொறியாளர் ஆய்வு, அவசரகாலத் திட்டம் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு.

சங்கக் கூட்டத்தில் ஒருவர், "இத்தனை வருஷம் நின்ற மண்கரை இப்போதா உடையப்போகிறது?" என்று கேட்டார். கெல்லி பார்ன்ஸ் அணையைப் பற்றிச் சொன்னேன். அதுவும் இதே ஜார்ஜியாவில், டொக்கோவா அருவிக்கு மேலே இருந்த சின்ன மண் அணைதான். 1957-இல் மின் உற்பத்தியை நிறுத்தியபின் அந்த ஏரி பொழுதுபோக்குக்கு மட்டுமே பயன்பட்டது. 1977 நவம்பர் 6 அதிகாலை, மழைக்குப் பிறகு அது உடைந்து, கீழே இருந்த கல்லூரி வளாகத்தில் 39 பேர் செத்துப்போனார்கள். 1973-இல் எடுத்த புகைப்படம் ஒன்றிலேயே கரையின் பின்சரிவு இடிந்து கிடப்பது தெரிகிறது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு, 1978-இல்தான் ஜார்ஜியாவுக்கு அணைப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. கூட்டத்தில் அதற்குமேல் யாரும் மறுத்துப் பேசவில்லை.

அடுத்தது வரைபடம். அணையின் பழைய வரைபடம் இருக்கிறதா என்று கேட்க உள்ளூர் அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் முகவரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தனியார் ஏரி, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்றார். மனை பிரித்தபோது கொடுத்த கோப்பையாவது காட்டுங்கள் என்றால், அதை வேறு பிரிவில் கேட்க வேண்டுமாம். அங்கே போனால் மறுபடி முதல் கவுண்டருக்கே அனுப்பினார்கள். அரை நாள் விடுப்பு வீண். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. நேரில் போய்க் கெஞ்சாதீர்கள். அரசு அலுவலகக் கோப்புகளைப் பொதுமக்கள் கேட்டுப் பார்க்க வழிசெய்யும் திறந்த ஆவணச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள். மூன்று வேலை நாளுக்குள் பதில் சொல்லியே ஆகவேண்டும். எனக்குக் கோப்பு அப்படித்தான் கிடைத்தது.

அதைப் பிரித்ததும்தான் பெரிய இடி. ஏரியும் கரையும் இருக்கும் மனை சங்கத்தின் பெயரில் இல்லவே இல்லை. வீடுகளைக் கட்டி விற்ற நிறுவனம் பொது இடங்களை எழுதிக் கொடுத்தபோது இந்த ஒரு துண்டை விட்டுவிட்டது. அப்புறம் நிறுவனத்தையே கலைத்துவிட்டார்கள். பத்திரம் இல்லாமல் வங்கி கடன் தராது, அனுமதி விண்ணப்பத்தில் உரிமையாளர் என்று யார் கையெழுத்துப் போடுவது? பழைய பங்குதாரர் ஒருவரைத் தேடிப்பிடித்து, வக்கீல் மூலம் உரிமை விடுப்புப் பத்திரம் எழுதி வாங்கினோம். அது பதிவான அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். வீடு வாங்கும்போது உங்கள் வீட்டுப் பத்திரத்தோடு நிறுத்தாமல், அணை நிற்கும் மனை யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

பொறியாளர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கேட்டகரி 1 அணைக்கு யார் வேண்டுமானாலும் வரைந்து கொடுக்க முடியாது, மாநிலம் ஏற்ற பொறியாளர் பட்டியல் இருக்கிறது. குறைந்த கட்டணம் சொன்னவர் பெயர் அதில் இல்லை. அவரையே வைக்கலாம் என்று சிலர் பிடித்த பிடிவாதத்தில் ஒரு மாதம் போனது.

பட்டியலில் இருந்தவர் வந்ததும் முதல் வேலையாக, கரைமேல் இருந்த பைன் மரங்களைத் தொடக்கூடாது என்றார். மேலே வெட்டிவிட்டு வேரை விட்டால், வேர் மக்கி, அந்தத் துளை வழியே தண்ணீர் மண்ணை அரிக்கும். மரம் வெட்டும் ஆட்கள் இதைச் சொல்வதே இல்லை. எந்த வேரைத் தோண்டுவது, குழியை எப்படி இறுக்கி நிரப்புவது என்பதைப் பொறியாளர் முடிவு செய்யவேண்டும். கரையின் அடியில் ஊறிய நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். தெளிவாக இருந்தது. "இது கலங்கினால் உடனே கூப்பிடுங்கள், ராத்திரி என்றாலும் பரவாயில்லை" என்றார்.

கோளாறு இருந்தது குழாயில். உபரிநீர் போகும் நெளி உலோகக் குழாய்க்குள் கேமராவை விட்டார்கள். திரையில் நாங்களும் பார்த்தோம். பாதித் தூரத்தில் அடித்தகடு துருப்பிடித்துப் போயே போய்விட்டது. ஒரு மூட்டில் செம்மண் சேறாக உள்ளே வழிந்துகொண்டிருந்தது. புல்வெளியும் வாத்துமாக மேலே அழகாக இருந்த கரை, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை இழந்துகொண்டிருக்கிறது! அந்தக் காணொளியைக் கூட்டத்தில் போட்டுக் காட்டியபிறகுதான் கூடுதல் வசூலுக்கு ஓட்டு விழுந்தது. மாதக்கணக்கில் பேசி நடக்காதது அன்று நடந்தது. நீங்களும் காணொளியைக் கேட்டு வாங்குங்கள், அறிக்கையோடு விடாதீர்கள்.

வடிவமைப்பு, மாநிலத்தின் கேள்விகள், எங்கள் பதில்கள் எல்லாம் பெரிய சிக்கலின்றி முடிந்தன. பழைய குழாய்க்குள் புதுக் குழாயைச் செருகி, இடைவெளியைச் சிமென்ட் கலவையால் அடைக்கப்போகிறார்கள். குழாய் குறுகுவதால் பெருமழைக்கு ஈடுகட்டப் உபரிநீர் வழிந்தோடும் பக்கவாட்டுக் கலிங்கை அகலப்படுத்துகிறார்கள். நீர்மட்டம் இப்போதே இறக்கப்பட்டிருக்கிறது. மீன்பிடிக்க முடியவில்லை என்று சிலருக்கு வருத்தம், எனக்கு இல்லை.

அவசரகாலத் திட்டத்துக்குக் கீழ்வீடுகளின் தொலைபேசி எண்கள் வேண்டும். அதற்காக ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். மேலே அப்படி ஒரு அணை இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. ஓர் அம்மா என் எண்ணையும் வாங்கிக்கொண்டு, "கனமழை என்றால் நானே கூப்பிட்டுக் கேட்பேன்" என்றார். தாராளமாகக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒப்பந்தக்காரர் அடுத்த வாரம் வேலையைத் தொடங்குகிறார்.