கவுண்டரில் தேய்ந்த வாக்கியம்

"மாசமா இருக்கும்போது எதிர்ப்புச் சக்தி குறைஞ்சிடும்மா, பார்த்து இருந்துக்கோ."

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தாய்சேய் கிளினிக்கில் 26 வருஷம் தாதியாக இருந்தேன். இந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. எடை பார்த்து, பிரஷர் எடுத்து, வயிற்றை அளந்து, புத்தகத்தில் எழுதி மூடும்போது தானாக வாயில் வந்துவிடும். எனக்கு வேலை பழக்கிய மூத்த மிஸ்ஸியும் அப்படித்தான் சொன்னார். ஏன் குறைகிறது என்று யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பெண்கள். இல்லையென்றால் தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, ஆனால் பேச்சு மட்டும் இன்னும் தோட்டத்துப் பேச்சுதான். கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று கேட்டால் தேதி வராது. "தைப்பூசத்துக்கு முந்தின வாரம் மிஸ்ஸி. விரதம் இருக்க முடியாமப் போச்சே, அதான் ஞாபகம்" என்று பதில் வரும். நான் காலண்டரைப் புரட்டி, தைப்பூசத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்னால் எண்ணிக் கணக்குப் போடுவேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்தது. வெள்ளணுக்கள் 13,400. தாளோடு சிஸ்டரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லை சிஸ்டர்."

"மூத்திர எரிச்சல்?"

"இல்லை."

"எத்தனை மாசம்?"

"ஏழு."

"அப்புறம் என்ன? போய் அடுத்த ஆளைக் கூப்பிடு."

மற்றவர்களுக்கு 11,000 தாண்டினாலே கிருமி எங்கே என்று தேடுவோம். கர்ப்பிணிக்கு 15,000 வரைகூடப் போகும், பிரசவ வலியில் அதற்கும் மேலே ஏறும். இதை மனப்பாடம் செய்துகொண்டேன். சக்தி குறைந்துபோன உடம்பில் வெள்ளணு மட்டும் எப்படிக் கூடுகிறது என்று கேட்க அப்போது புத்தி வரவில்லை.

கேட்க வைத்தவர் ஒரு மாமியார். தலைப்பிரசவக்காரிக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி இரண்டு தவணை, நான்கு வார இடைவெளியில் போடுவோம். மருமகள் கையை நீட்டிவிட்டாள். மாமியார் குறுக்கே வந்தார். "நீங்கதானே மிஸ்ஸி சொன்னீங்க, இவளுக்கு இப்போ சக்தி குறைஞ்சிருக்குன்னு? இல்லாத சக்தியில ஊசி என்னா வேலை செய்யும்? உடம்புதான் தாங்குமா?"

அவர் கேட்டது நியாயம்தான். என் வாக்கியத்தை எடுத்து என் மேலேயே வீசிவிட்டார். பதில் தெரியாமல் "டாக்டர் சொல்லியிருக்காருங்கம்மா" என்று சமாளித்தேன். மருமகளைக் கூட்டிக்கொண்டு போயே விட்டார்.

அன்றிரவு பயிற்சிக்காலத்துத் தடிப் புத்தகத்தை எடுத்துத் தூசு தட்டினேன். அப்புறம் அங்கே இங்கே தேடிப் படிக்கப் படிக்க, இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய வரலாறே இருப்பது தெரிந்தது. பீட்டர் மெடாவர் என்று ஒரு பிரிட்டிஷ் விஞ்ஞானி. போர்க்காலத்தில் தீக்காயம் பட்டவர்களுக்கு அடுத்தவர் தோலை ஒட்டினால் உடம்பு ஏன் தள்ளிவிடுகிறது என்று ஆராய்ந்தவர், 1960இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் 1953இல் கேட்டது இதுதான்: பிள்ளை பாதி அப்பா வழி. அடுத்தவர் தோலைத் தள்ளும் அதே உடம்பு, பிள்ளையை மட்டும் எப்படி ஒன்பது மாதம் வைத்திருக்கிறது? மூன்று ஊகங்களும் சொன்னார். தாயும் பிள்ளையும் தனித்தனியே பிரிந்திருக்கலாம். பிள்ளையின் அடையாளங்கள் இன்னும் முதிராமல் இருக்கலாம். அல்லது, தாயின் எதிர்ப்புச் சக்தி மந்தமாகியிருக்கலாம்.

இந்த மூன்றாவது ஊகத்தைத்தான் நான் கவுண்டரில் உண்மையென்று விற்றுக்கொண்டிருந்தேன்!

நடப்பது வேறு. நம் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், பெயருக்குப் பின்னால் 'அனாக் லெலாக்கி' (மகன்), 'அனாக் பெரம்புவான்' (மகள்) என்று போட்டு அப்பா பெயர் வருகிறதல்லவா, அதுபோல ஒவ்வொரு செல்லும் தன்மேல் சில அடையாளப் புரதங்களை மாட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றில் பாதி அப்பா கொடுத்தது. தாயின் டி-செல்கள் என்ற வெள்ளணுக்கள் இந்த ஐசியைப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விடுவதா அடிப்பதா என்று முடிவு செய்யும். நஞ்சுக்கொடியின் வெளிச்செல்கள் தாயின் சதையோடு நேராக உரசுகிறவை. அவை முக்கியமான அடையாளங்களில் இரண்டைக் காட்டுவதே இல்லை. சரி, ஐசி காட்டாத ஆளைப் பிடிப்பதற்கென்றே வேறொரு காவல் இருக்கிறது. இயற்கைக் கொல்லி செல்கள் என்று பெயர். அவற்றைச் சமாதானப்படுத்த அந்த வெளிச்செல்கள் எச்.எல்.ஏ.-ஜி என்று ஒரு தனிப் புரதத்தை நீட்டுகின்றன.

இந்தக் கொல்லிகளைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வியப்பு. முதல் மூன்று மாதத்தில் கருப்பையின் உட்சுவரில் இருக்கும் வெள்ளணுக்களில் பத்தில் ஏழு இவைதான். பெயர்தான் கொல்லி, அங்கே பார்ப்பது பாரிட் (வாய்க்கால்) வெட்டும் வேலை. கருப்பையின் சின்னச் சின்ன ரத்தக்குழாய்களை அகலப்படுத்தி, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் பாய வழிசெய்ய உதவுகின்றன. அந்த வாய்க்கால் சரியாக அகலாவிட்டால் பின்மாதங்களில் பிரஷர் ஏறுவதற்கும், சிறுநீரில் புரதம் இறங்குவதற்கும் அதுவும் ஒரு காரணம். நாங்கள் ஒவ்வொரு முறையும் பிரஷர் பட்டையைச் சுற்றுவது, ஆரம்பத்தில் வெட்டிய பாரிட்டைக் கடைசியில் போய்ச் சோதிப்பது மாதிரிதான்.

இதோடு, சண்டையை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி-செல்களும் கர்ப்பத்தில் பெருகுகின்றன. இந்த மாற்றமெல்லாம் மாதாமாதம் ஓர் ஒழுங்கில் நடக்கிறது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாயின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பணுக்களின் போக்கை வைத்தே கர்ப்பம் எத்தனை வாரம் என்று கணிக்க முடியும் என்று காட்டினார்கள். தைப்பூசத்தை வைத்துக் கணக்குப் போட்ட எனக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது.

மாமியாருக்கும் பதில் கிடைத்தது. தாயின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள்களில் ஐஜிஜி என்ற வகையை நஞ்சுக்கொடி சும்மா கசியவிடுவதில்லை, ஆள் வைத்துச் சுமப்பதுபோல் பிள்ளைக்குக் கடத்துகிறது. பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் போய்ச் சேரும். நிறைமாதத்தில் பிறக்கும் பிள்ளையின் ரத்தத்தில் அது தாய்க்கு இருப்பதைவிடக்கூட அதிகமாக இருப்பதுண்டு. தாய்க்கு ரணஜன்னி ஊசி போடுவது முக்கியமாக இதற்காகத்தான். அடுத்த மாதம் அந்தம்மா வந்தபோது சொன்னேன்: "சக்தி குறையலம்மா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அது இப்போ பிள்ளைக்கும் சேர்த்து உலை வைக்குது. அரிசி போடறதுதான் இந்த ஊசி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "என் ரெண்டாவது பையன் எட்டாம் நாள் வாய் கட்டிப்போய்ச் செத்தான் மிஸ்ஸி. பேய் அடிச்சிடுச்சுன்னாங்க." அவரே மருமகளின் கைச்சட்டையைச் சுருட்டி விட்டார்.

தூங்கும் எதிர்ப்புச் சக்தி என்றால் ரீசஸ் நெகட்டிவ் ரத்த வகைத் தாய்மாருக்கு நாங்கள் ஏன் அவ்வளவு பயப்பட வேண்டும்? மலாய்க்காரர்களிடமும் சீனர்களிடமும் இது நூற்றில் ஒருவருக்குக்கூட இராது. நம்மவர்களில் நூற்றில் ஐந்து பேர் வரை உண்டு. பிரசவத்தில் பிள்ளையின் பாசிட்டிவ் ரத்தம் சில துளி கலந்தாலும் தாயின் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த பிள்ளையின் ரத்த அணுக்களை உடைக்க எதிர்ப்பொருள் அனுப்பும். அதனால்தான் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள், அந்த நினைவு பதியாமல் தடுக்க ஆன்டி-டி ஊசி. மந்தமான உடம்பு செய்கிற வேலையா இது?

அதற்காக என் பழைய வாக்கியம் முழுப்பொய் என்றும் சொல்ல மாட்டேன். சளிக்காய்ச்சல் (ஃப்ளூ), அம்மை, மலேரியா போன்றவை கர்ப்பிணியைக் கடுமையாகத் தாக்கும். 2021இல் டெல்டா அலையின்போது, மூச்சு வாங்கிக்கொண்டு வந்த நிறைமாதப் பெண்களைப் பார்த்தவள் நான். அதில் எதிர்ப்பு முறை மாறியதற்கும் பங்கு உண்டு, மேலே தள்ளப்பட்ட உதரவிதானத்துக்கும் கூடுதலாக உழைக்கும் இருதயத்துக்கும் பங்கு உண்டு. குறைந்துவிட்டது என்று ஒரே சொல்லில் முடிப்பதுதான் தவறு.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் ஒரு பிழை செய்தேன்.

அந்தப் பெண்ணுக்கு 31 வயது. செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. சில வருஷமாக முடக்குவாதம். தன் எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளைத் தாக்கும் நோய் அது. முதல் தடவை வந்தபோது கைப்பையின் ஜிப்பைத் திறந்து ஐசியை எடுக்க முடியாமல் பையை அப்படியே என்னிடம் நீட்டினார். ஈப்போவில் நிபுணர், கர்ப்பத்துக்கு ஏற்றபடி மருந்தை மாற்றிக் கொடுத்திருந்தார்.

ஐந்தாம் மாதம் தாண்டி ஒரு நாள், முகமெல்லாம் சிரிப்பாக ஒரு டப்பாவை மேசைமேல் வைத்தார். தீபாவளி முறுக்கு. "நானே பிழிஞ்சேன் மிஸ்ஸி. மூணு வருஷமா முறுக்கு உரலைத் தொடல. பிள்ளை வந்த ராசி." விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினார். மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும், ஈப்போவுக்குப் போகவில்லை என்றும் போகிற போக்கில் சொன்னார். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டே புத்தகத்தில் எழுதினேன்: மூட்டு வலி இல்லை.

கர்ப்பத்தில் முடக்குவாதம் தணிவது புதிதல்ல. பிலிப் ஹெஞ்ச் என்ற அமெரிக்க மருத்துவர் 1938லேயே அதை எழுதினார். உடம்பில் சுரக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம் என்று அவர் விடாமல் தேடியது கார்டிசோன் மருந்தில் போய் முடிந்து, 1950இல் நோபல் பரிசிலும் பங்கு வாங்கிக் கொடுத்தது. பிள்ளையைக் காப்பாற்ற உடம்பு போட்ட கட்டுப்பாடு மூட்டுக்கும் நிம்மதி தருகிறது. ஆனால் அந்த ஏற்பாடு பிள்ளைக்காக. பிரசவமானதும் கலைந்துவிடும். அதன்பிறகு வரும் சில மாதங்களில் பலருக்கு நோய் திரும்பி வரும். இது எனக்குத் தெரியும், படித்திருந்தேன். சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

பிரசவம் சுகமாக நடந்தது. முதல் பத்து நாளில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், இருபதாம் நாளும் போனேன். பத்தியக் குழம்பு வாசனை, வேது தண்ணீர், தூளியில் பிள்ளை, எல்லாம் நன்றாக இருந்தது. எங்கள் கணக்கில் அதோடு வீட்டுக்குப் போவது முடிந்தது.

இரண்டாம் மாதத் தடுப்பூசிக்கு வந்தார். பிள்ளை மாமியாரின் கையில். சட்டையை அவிழ்க்கச் சொன்னேன். நாடா முடிச்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்னால் நீண்ட வரிசை, எனக்கு அவசரம். "ஏம்மா, ரெண்டு மாசம் ஆச்சு, இன்னுமா பழகல?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் விரல்களைப் பார்த்தேன். கணுக்கள் வீங்கிப் பளபளவென்று இருந்தன.

"ராத்திரியில அழுதா தூக்க முடியல மிஸ்ஸி. மாமி, பத்தியம் ஒழுங்கா இருக்கலங்கறாங்க." மாமியார் வேறு பக்கம் பார்த்தார். முடிச்சை நான் அவிழ்த்தேன்.

அன்றே டாக்டரிடம் அனுப்பி, ஈப்போவுக்குக் கடிதம் வாங்கிக் கொடுத்தேன். பால் கொடுக்கும் தாய்க்கு ஒத்துவரும் மருந்து இருந்தது. சில வாரத்தில் பிள்ளையைத் தூக்கினார். அந்த வாரங்களை நான் அவருக்கு மிச்சப்படுத்தியிருக்கலாம். 'மூட்டு வலி இல்லை' என்பதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

மூன்று வருஷம் கழித்து இரண்டாவது பிள்ளைக்கு வந்தார். நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. புதுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "இந்தத் தடவ முறுக்கு கிடையாது மிஸ்ஸி. கை எப்போ திரும்ப வலிக்கும்னு மொதல்ல எழுதுங்க, அப்புறம் வயித்தப் பாருங்க" என்றார்.

சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன். ஒன்பதாம் மாதத்தில் ஈப்போவில் ஒரு தேதி, பிரசவமாகி மூன்றாம் வாரத்தில் இன்னொன்று. தேதி எழுதிய பக்கத்தை மாமியாரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.