பாக்கெட் வாட்ச் மெஷினுக்கு கேஸ் தேடுறவங்க கவனத்துக்கு

மதுரையில பழைய பாக்கெட் வாட்ச் மெஷின் மட்டும் தனியா கிடைக்கும். அதோட தங்க, வெள்ளிக் கேஸெல்லாம் (மேல்கூடு) எப்பவோ உருக்கப் போயிருக்கும். நகைக்கடைங்க இருக்கிற தெற்காவணி மூல வீதியில எடைக்குத்தான் மதிப்பு!

டயலை அளக்காதீங்க. டயலுக்கு அடியில இருக்கிற தட்டோட விட்டத்தை வெர்னியர் காலிபர்ல அளங்க. அமெரிக்க மெஷின்னா 18 சைஸ் 44.87 மி.மீ., 16 சைஸ் 43.18, 12 சைஸ் 39.79. ஒரே சைஸ்ல வேற கம்பெனி கேஸும் பெரும்பாலும் உட்காரும். சுவிஸ்ல அந்த நம்பிக்கை வேண்டாம். அங்க லீன்ங்கிற அளவுல கணக்கு (1 லீன் 2.256 மி.மீ.). விட்டம் ஒத்துப்போனாலும் ஸ்டெம் (சாவி கொடுக்கிற தண்டு) உயரம் மாறும், கேஸ் கழுத்துல உரசி சாவி கனக்கும். மெஷினைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் கேஸ் வாங்கணும்.

அடுத்து ஸ்டெம் எந்தப் பக்கம்னு பாருங்க. நொடி வட்டம் 6-லயும் ஸ்டெம் 12-லயும் இருந்தா திறந்த முகக் கேஸ். ஸ்டெம் 3-ல இருந்தா மூடி போட்ட ஹண்டர் கேஸ். ஹண்டர் மெஷினைத் திறந்த முகக் கேஸ்ல போட்டா 3 மேல வந்து நிக்கும், விலையும் அடிபடும்.

அமெரிக்க மெஷின் பலதுல ஸ்டெம் கேஸோடதான் இருக்கும், கழுத்துக்குள்ள ஒரு ஸ்லீவ் (சின்னக் குழாய்) அதைப் பிடிச்சிருக்கும். ஸ்டெமை அழுத்தியும் சாவி ஏறாம முள்ளே சுத்தினா மெஷினைப் பிரிக்காதீங்க. ஸ்லீவைக் கொஞ்சம் கொஞ்சமா திருகி உயரத்தைச் சரிபண்ணுங்க. லீவரை இழுத்து நேரம் வைக்கிற வகைன்னா, கேஸ் விளிம்புல அதுக்கு வெட்டு வேணும்.

கேஸ் உள்விளிம்புல ரெண்டு ஜோடி திருகாணித் தழும்பு இருந்தா, அதுல முன்னாடியே வேற மெஷின் உட்கார்ந்திருக்கு. பொருந்தலைன்னு அரம் எடுத்து ராவ மட்டும் செய்யாதீங்க.