கழிச்சா என்ன மிஞ்சும்?

சில வருஷம் முன்னாடி திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு மனநல ஆராய்ச்சிக்கு ஃபீல்டு வேலை பாத்தேன், வீடு வீடா போய் பிஎச்க்யூ-9 கேக்கணும், மனச்சோர்வு எவ்வளவுன்னு அளக்குற கேள்வித்தாள் அது. ஒம்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 3, மொத்தம் 27. ஸ்கோர் ஏறி இருக்கறவங்களுக்கு எட்டு வாரம் பயிற்சி, அப்புறம் மறுபடி கேட்டு, முதல் ஸ்கோர்லேர்ந்து ரெண்டாவத கழிச்சா அதுதான் "மாற்றம்". கழித்தல் கணக்கு தானேன்னு இருந்துட்டேன்.

ஒரு ஆயா வாசல்ல முருங்கக்கீரை ஆஞ்சுகிட்டு இருந்துச்சு. போன ரெண்டு வாரத்துல தூக்கம் வராதது சில நாளா, பாதி நாளுக்கு மேலயான்னு கேட்டா, "அத யாரு தம்பி எண்ணுனா, நீயே ஒண்ண போட்டுக்க"ன்னுச்சு. நான் 2 போட்டேன். ரெண்டாவது ரவுண்டு எனக்கு காய்ச்சல், கூட வேலை பாத்த அக்கா போய் 1 போட்டாங்க. ஷீட்ல ஆயாவுக்கு முன்னேற்றம்! போதாததுக்கு முதல் ரவுண்டு ஜூன் கடைசி, மேட்டூர் தொறந்தும் கடைமடைக்கு தண்ணி வராத நேரம், ரெண்டாவது ரவுண்டுல வாய்க்கா நெறய தண்ணி.

புள்ளியியல் பாக்குற சார்ட்ட சொன்னப்போ பேப்பர்ல போட்டு காட்டினாரு. நம்பகத்தன்மைன்னா ஆளுக்கு ஆள் ஸ்கோர் மாறுறதுல எவ்வளவு பங்கு நெசம்னு சொல்ற எண், பிழையே இல்லன்னா 1. ரெண்டு அளவீட்டுக்கும் அது 0.8, ரெண்டும் சேந்து ஏறி எறங்குற தொடர்பு 0.7, ஸ்கோரோட பரவலும் ஒண்ணுதான்னு வச்சா, வித்தியாசத்தோட நம்பகத்தன்மை வெறும் 0.33. ஆளோட நிலையான பகுதி ரெண்டு பக்கமும் இருக்கறதால கழிச்சா காணாம போயிடும், பிழை மட்டும் போகாது, ரெண்டு பக்கத்துதும் சேந்துக்கும். க்ரான்பாக், ஃபர்பின்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1970லயே மாற்றத்த இப்படி அளக்கணுமான்னே கேட்டுட்டாங்களாம்.

எனக்கு உடனே அப்பா நெல்லு போடப்போன எடம் ஞாபகம் வந்துச்சு. ஈரப்பதம் 17க்கு மேல காட்டுதுன்னு திருப்பி அனுப்புனாங்க, ரோட்டுல காயப்போட்டு மறுநாள் கொண்டுபோனா எடுத்துகிட்டாங்க. நெல்லு காஞ்சுச்சா, இல்ல குவியல்ல வேற எடத்துலேர்ந்து கைப்பிடி அள்ளுனாங்களான்னு அப்பா இன்னிக்கும் பொலம்புவாரு.

இன்னொண்ணும் இருக்கு, ஸ்கோர் ஏறினவங்கள மட்டும் பொறுக்கி எடுத்தா, அன்னிக்கு பிழையால ஏறினவங்களும் அதுல இருக்கறதால அடுத்த தடவ கொஞ்சம் தானாவே எறங்கும், ஒப்பிட்டு பாக்க வச்சிருந்த, பயிற்சி குடுக்காத ஊர்லயும் எறங்கித்தான் இருந்துச்சு. அந்த ஊர் மட்டும் இல்லன்னா பயிற்சியாலதான்னு நானே சத்தியம் பண்ணியிருப்பேன்.

அடுத்த வேலைல பயிற்சிக்கு முன்னாடியே ஒரே ஆள் ரெண்டு தடவ, ஒரு வாரம் விட்டு கேக்கறதா வச்சோம். ஒண்ணுமே பண்ணாம ஸ்கோர் எவ்வளவு ஆடுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கத்தான். ரெண்டாவது தடவ போனப்போ ஒரு அண்ணன், "போன வாரம் என்ன சொன்னேனோ அதையே எழுதிக்கப்பா"ன்னாரு. அது வேற தலவலி.