நாற்காலிக்காக ஒரு நடை

செப்டம்பர் 2
பெயர் கொடுத்தாயிற்று. ஆஸ்பத்திரியின் என்.ஐ.சி.யூ.வுக்கு, அதாவது பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, நிதி திரட்டும் நடை. 100 கிலோமீட்டர், மலைப்பாதை, இரவிலும் நிற்காமல். தம்பியும் வருகிறான். முதலில் முடியாது என்றுதான் சொன்னான்.

செப்டம்பர் 5
நிதி எதற்கு என்று கேட்கிறார்கள். ‘சாய்வு நாற்காலிக்கு’ என்றால் முகம் மாறிவிடுகிறது. இன்குபேட்டர் என்றால் கொடுப்பார்கள். வென்டிலேட்டர் என்றால் இன்னும் தாராளமாக. நாற்காலியா, என்று இழுக்கிறார்கள். என்.ஐ.சி.யூ.வில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தால் தெரியும். நெஞ்சோடு குழந்தை, அதன் மூக்கில் மூச்சுக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் குழாய், பாதத்தில் சென்சார். ஒயர் இழுபடக் கூடாது, அசையக் கூடாது. கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியில் எவ்வளவு நேரம் தாங்கும்? முதுகு விட்டுப்போகும், எழுந்துவிடுவோம். குழந்தை மறுபடி பெட்டிக்குள்.

செப்டம்பர் 6
நேற்று எழுதியதில் கோபம் தெரிகிறது. இருக்கட்டும்.

செப்டம்பர் 13
பை சுமந்து நீண்ட நடை. நைஸ்மித் என்பவர் 1892இல் போட்ட கணக்கை இன்னும் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்: சமதளத்தில் மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். களைப்புக்கும் இருட்டுக்கும் அதில் இடமில்லை. மூச்சு வாங்குவது ஏற்றத்தில், கால் போவது இறக்கத்தில். ஒவ்வொரு அடிக்கும் தொடை பிரேக் பிடிக்கிறது, விரல் நுனி ஷூவின் முன்பக்கம் போய் முட்டுகிறது. கணுக்காலருகே லேஸை இறுக்கிக் கட்டிய பிறகு கொஞ்சம் பரவாயில்லை. இடது சுண்டுவிரல் மட்டும் கேட்கவில்லை.

செப்டம்பர் 14
மாடிப்படி ஏற முடிகிறது. இறங்க முடியவில்லை.

செப்டம்பர் 19
பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் பீப் அடித்தது. சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். எதைத் தேடினேன்? 88. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு. அதற்குக் கீழே இறங்கினால் மானிட்டர் கத்தும். குறைமாதக் குழந்தைகள் தூக்கத்தில் மூச்சுவிடவே மறந்துபோகும். நர்ஸ் வந்து உள்ளங்காலை விரலால் லேசாகத் தேய்ப்பார். எண் ஏறும். அவர் போய்விடுவார். நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன்.
மூச்சை மறக்காமலிருக்க அங்கே கொடுக்கும் மருந்து காஃபின். ராத்திரி நடைக்கு எனக்குத் தம்பி வாங்கி வைத்திருப்பதும் காஃபின் மாத்திரைதான். அவனிடம் சொன்னேன், ஒன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 24
நன்கொடை கேட்கும் பக்கத்துக்கு எழுதி முடித்தேன். 1978இல் பொகோட்டாவில் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா, இன்குபேட்டர் போதாமல், குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்ட வைத்ததிலிருந்து தொடங்கினேன். ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வையும் சேர்த்தேன்: உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால், எடை குறைந்த குழந்தைகளிடையே இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. நாளுக்கு 8 மணி நேரமாவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 8 மணி நேரம்! எதில் உட்கார்ந்து?
“அக்கா, பரீட்சைக்கு எழுதின மாதிரி இருக்கு. பாப்பா போட்டோவைப் போடு, பணம் வரும்.”
போட மாட்டேன். அத்தனை குழாயோடு கிடந்த படத்தை ஊருக்குக் காட்டலாமா என்று அவளைக் கேட்க முடியாது. கேட்கிற வயது வரட்டும்.

செப்டம்பர் 26
மழை. நடக்கவில்லை.

செப்டம்பர் 28
பெயர் சொல்லாத ஒருவர் ஒரு நாற்காலிக்கான முழுத்தொகையையும் அனுப்பியிருக்கிறார். குறிப்பில் இவ்வளவுதான்: ‘27 வாரம். 1996.’
காலையிலிருந்து இதே நினைப்பு. 27 வாரத்திலேயே பிறந்த அந்தக் குழந்தை பிழைத்ததா? 1990க்குப் பிறகு நுரையீரலுக்கான சர்ஃபாக்டன்ட் மருந்து புழக்கத்துக்கு வந்துவிட்டது, அதனால் வாய்ப்பு உண்டு. எந்த ஊரோ, அங்கே அது கிடைத்ததோ என்னவோ. பிழைத்திருந்தால் இப்போது நல்ல வளர்ந்த ஆள். பிழைக்காவிட்டாலும் இதே இரண்டு சொற்களைத்தான் எழுதியிருப்பார்கள். நன்றி என்று பதில் போட்டேன். வேறென்ன கேட்பது?

செப்டம்பர் 29
இறந்திருந்தால் தேதியும் போட்டிருப்பார்களோ?

அக்டோபர் 1
சுண்டுவிரல் நகம் கறுத்துவிட்டது. வலி இல்லை.

அக்டோபர் 3
மழை எச்சரிக்கை. புறப்படும் நேரத்தை அதிகாலை நாலுக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி இறக்கம் இப்போது பகலிலேயே வரலாம், பாறை ஈரமாகத்தான் இருக்கும். விரல்களுக்கு டேப் சுற்றிக்கொண்டிருக்கிறேன், இன்னும் வலது கால் பாக்கி. ஹெட்லைட்டுக்கு மாற்று பேட்டரி யார் பையில் என்று தம்பி மூன்றாவது முறையாகக் கேட்கிறான்.