புதிர்ப்பெட்டி: எந்தத் தருணத்துக்கு எது பொருந்தும்?

மறைந்திருக்கும் உத்தியைக் கண்டுபிடித்தால் மட்டுமே திறக்கும் புதிர்ப்பெட்டியைப் பரிசாக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எது மிகவும் கடினமானது என்பதைத்தான். அதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது வேறொன்று: பரிசாகப் பெற்றவர் அதை எவ்வளவு நேரத்துக்குள் திறந்தாக வேண்டும்? தருணத்துக்குத் தருணம் மாறுவது அந்த நேரம்தான்.

ஜப்பானின் ஹகோனே பகுதியில் 19ஆம் நூற்றாண்டு முதல் செய்யப்படும் ஹிமிட்சு-பாகோ என்ற மரப் புதிர்ப்பெட்டிகளை அவற்றின் நகர்வுகளின் எண்ணிக்கையைச் சொல்லியே விற்கிறார்கள். 4 நகர்வில் திறப்பதும் உண்டு, 72 நகர்வு கேட்பதும் உண்டு. பக்கவாட்டுப் பலகை ஒன்றை விரல் நுனியால் அழுத்தித் தள்ளினால் சில மில்லிமீட்டர் நகரும். அந்தச் சிறு இடைவெளிதான் அடுத்த பலகைக்கு வழிவிடும். இப்படி மாறி மாறி நகர்த்திய பிறகே மேல்மூடி வழுக்கிக்கொண்டு விலகும். வெவ்வேறு நிற மரக்குச்சிகளைச் சேர்த்து ஒட்டி, இழைப்புளியால் காகிதம் போல மெல்லியதாகச் சீவி மேலே பதிக்கும் யோசேகி வேலைப்பாடு, பலகைகளின் இணைப்புக் கோடுகளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. அந்த அழகுக்காகவே எனக்கு இவ்வகை மீது தனிப் பிரியம்.

திருமணச் சம்மதம் கேட்டு மோதிரம் நீட்டும் வேளைக்குப் பத்து நகர்வுப் பெட்டி ஆகாது. எதிரில் இருப்பவர் ஏற்கெனவே படபடப்பில் இருப்பார். கேட்டவரும் பதிலுக்காகக் காத்திருப்பார். அங்கே 4 நகர்வோ, மறைவான ஒரே தாழோ போதும். மோதிரத்தை மென்துணியில் சுற்றி வையுங்கள். சில பெட்டிகளில் உள்ளே உருளும் குண்டோ ஊசியோதான் பூட்டு. சாய்த்தால் அது விலகும், அதன் ஓசையே திறப்பவருக்குக் கிடைக்கும் துப்பு. உள்ளே மோதிரமும் சேர்ந்து உருண்டால் அந்தத் துப்பு குழம்பிப்போகும்.

பிறந்தநாள் போன்ற கூட்டத்துக்கு நகர்வுகள் கூடுதலாக இருப்பது நல்லது, ஆனால் ஒவ்வொரு நகர்வும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடரலாம், சுற்றி நிற்பவர்களும் பங்கெடுக்கலாம். மேசையில் வைத்துச் சுழற்றினால் உள்ளிருக்கும் ஊசிகள் வெளிப்புறம் விலகித் திறக்கும் பெட்டி அங்கே எடுபடாது. ஒருவர் கண்டுபிடித்த நொடியில் மற்ற எல்லோருக்கும் விளையாட்டு முடிந்துவிடும். தனியாக உட்கார்ந்து மாதக்கணக்கில் மல்லுக்கட்ட விரும்பும் ஒருவருக்கு, உதாரணமாகப் பணி ஓய்வு பெறுபவருக்கு, அதே பெட்டி அருமையான துணை.

சிறு குழந்தைகள் இருக்கும் இடத்தில், கழன்று வரக்கூடிய காந்தத் துண்டுகள் உள்ள பெட்டியை அறவே தவிர்க்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடற்சுவரையே துளைத்துவிடக்கூடும். முதியவர்களுக்கு வாங்கும்போது விரல் வலியை நினைவில் கொள்ளுங்கள். ஹகோனே பெட்டிகளின் அளவை சுன் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு சுன் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். 5 சுன் பெட்டியை மடியில் வைத்து இரு கைகளாலும் தாராளமாகப் பிடிக்கலாம். 2 சுன் பெட்டி விரல்களுக்கு நடுவில் சிக்கித் தவிக்கும்.

எந்தப் பெட்டியானாலும் கொடுப்பதற்கு முன் ஒருமுறை முழுவதுமாகத் திறந்து மூடிப் பாருங்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் மரம் உப்பிப் பலகை இறுகிக்கொள்ளும். அதற்காக எண்ணெய் விட்டால் மரம் அதை உறிஞ்சி இன்னும் மோசமாகும், வறண்ட இடத்தில் சில நாள் வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். திறக்கும் வழியைச் சொல்லும் விடைத்தாளைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடாமல் உறையிலிட்டு ஒட்டித் தனியாகக் கொடுங்கள். அதை எப்போது பிரிப்பது என்பதைப் பெற்றவரே முடிவு செய்யட்டும்.