சொட்டு விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு
என்னிடம் இருப்பது 1991ஆம் வருட மாஸ்டா மியாட்டா. 1.6 லிட்டர் எஞ்சின், இரண்டே இருக்கை, மடித்துப் போடும் துணிக் கூரை. ஒரு நாள் காலையில் வண்டியை வெளியே எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அது நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஆயில் திட்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே.

மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தவர், "ரியர் மெயின் சீல் போயிருக்கு சார், கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் கசிந்தால் ஆயில் அங்கேதான் வந்து சொட்டும். அதனால் அவர் சொன்னதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் அதே இடத்துக்கு வந்து சேர இன்னும் பல வழிகள் உண்டு. கியர்பாக்ஸை இறக்குவதோ சின்ன வேலை இல்லை. இந்த வண்டியில் கியர்பாக்ஸையும் பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியலையும் இணைக்கிற நீளமான அலுமினியச் சட்டத்தையும் கழற்ற வேண்டும். நானே தேடிப் பார்த்த பிறகு முடிவு செய்வோம் என்று வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

முதலில் எது கசிகிறது என்று தெரிய வேண்டும். பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து இரவில் வண்டிக்கு அடியில் விரித்தேன். நான்கு சக்கரங்களும் எங்கே நிற்கின்றன என்று அட்டையில் பேனாவால் குறித்தும் வைத்தேன். காலையில் இரண்டு கறைகள். பெரியது பழுப்பும் கறுப்புமாக, விரலில் தேய்த்தால் வழவழப்பு. முகர்ந்து பார்த்தேன். கியர் ஆயிலுக்கே உரிய அந்தக் கந்தக நெடி இல்லை, எஞ்சின் ஆயில்தான். கியர்பாக்ஸ் முன் சீல் மேல் இருந்த சந்தேகம் அதோடு போய்விட்டது. இன்னொன்று சின்னச் சொட்டு, வெளிர் மஞ்சள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கறை பச்சையாகவோ ஆரஞ்சாகவோ இருந்து இனிப்பு வாடை வந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். அது விஷம். நாய், பூனை நக்கிவிடாமல் உடனே துடைத்து எடுங்கள். ஏசி போட்டு ஓட்டிய பிறகு சொட்டுகிற தெளிந்த தண்ணீர் கசிவே அல்ல. பெட்ரோல் வாடை வந்தால் மட்டும் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். வண்டியைத் தொடாமல், ஸ்டார்ட் செய்யாமல், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் கசிவைத் தேடினால் எல்லாமே ஈரமாகத்தான் தெரியும். கழுவ வேண்டுமென்றால் வண்டியைத் தூக்க வேண்டும். இந்த அனுபவத்தில் நான் நிதானமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

வண்டியைத் தூக்க மட்டும்தான் ஜாக்கி. தாங்கி நிற்பது ஸ்டாண்டின் வேலை. ஜாக்கியில் ஒரு ஆயில் சீல் போனாலும் வண்டி கீழே இறங்கிவிடும். ஆயில் கசிவைத் தேடுகிறவன் அதே மாதிரி இன்னொரு சீலை நம்பி அடியில் படுக்கலாமா? செங்கல், சிமென்ட் கல் எல்லாம் பாரம் தாங்குவது போலத் தெரியும். உடைவது ஒரே நொடியில், முன்னறிவிப்பு இல்லாமல். ஒரு டன்னை ஒட்டிய எடைதான் என்றாலும் நெஞ்சின் மேல் இறங்கினால் அது சின்ன வண்டி இல்லை.

சமமான கான்கிரீட் தரையில் நிறுத்தினேன். முதல் கியர் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். நான் தூக்கப்போவது முன்பக்கம். ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும்தான். அதனால் பின்பக்கத்தைத் தூக்கும் நாளில் ஹேண்ட்பிரேக்கும் கியரும் இரண்டுமே உதவாது. அன்று முன் சக்கரங்களுக்கு வைக்கும் கட்டைகள்தான் வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

தாழ்ந்த வண்டி, ஜாக்கி அடியில் நுழையவில்லை. கனமான இரண்டு பலகைகளைப் போட்டு முன் சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றிய பிறகுதான் இடம் கிடைத்தது. முன்பக்கத்தில் ஜாக்கி வைக்க வேண்டிய இடம் குறுக்குச் சட்டத்தின் நடுப்பகுதி. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பிலோ, முன்னால் சொன்ன அலுமினியச் சட்டத்திலோ வைக்கக் கூடாது. ஸ்டாண்டுக்கு உரிய இடம், முன் சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் இரண்டு வெட்டுக்குறிகளுக்கு நடுவே இருக்கும் தடித்த விளிம்பு. பழைய வண்டி என்பதால் அந்த விளிம்பு துருப்பிடித்திருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தேன். கெட்டியான சத்தம் வந்தது. பொதபொதவென்று இருந்திருந்தால் அங்கே ஸ்டாண்ட் வைத்திருக்கவே மாட்டேன்.

வண்டி மேலே ஏறும்போது நேராக ஏறாது, ஒரு வளைவில் போகும். அதற்கேற்ப ஜாக்கியின் சக்கரங்கள் உருண்டு நகர வேண்டும். அதன் வழியில் ஒரு சின்னக் கல்லும் இருக்கக் கூடாது.

இரண்டு ஸ்டாண்டையும் வைத்து, ஜாக்கியை மெதுவாக இறக்கினேன். அடியில் நுழையக் குனிந்தபோது பக்கத்தில் நின்ற அண்ணன், "டேய் இரு, முதல்ல ஆட்டிப் பாரு" என்றார். இருவரும் சேர்ந்து ஃபெண்டரைப் பிடித்து நன்றாக ஆட்டினோம். வலது பக்க ஸ்டாண்டில் 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி ஒரு விரல்கடை கீழே இறங்கி நின்றது. ஸ்டாண்டின் பூட்டு நாக்கு பல்லின் நுனியில் அரைகுறையாக உட்கார்ந்திருந்திருக்கிறது. ஆட்டியதும் பள்ளத்தில் விழுந்து சரியாகப் பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் நான் அடியில் படுத்திருக்கும்போது கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மறுபடி ஜாக்கியில் ஏற்றி, இரண்டு பூட்டுகளையும் கண்ணால் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து, திரும்பவும் இறக்கி, திரும்பவும் ஆட்டினேன். கழற்றிய சக்கரம் ஒன்றைப் பக்கவாட்டு விளிம்புக்கு அடியில் படுக்க வைத்தேன். ஜாக்கியையும் சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் அங்கேயே விட்டேன். அப்புறம்தான் உள்ளே போனேன்.

டிகிரீஸர் அடித்துத் தேய்த்துக் கழுவிக் காய விட்டோம். மேலே ஆல்டர்னேட்டரையும் இக்னிஷன் காயிலையும் பாலிதீன் பையால் மூடிவிட்டோம். அப்புறம் வண்டியை இறக்கி, இருபது நிமிடம் ஓட்டி, நன்றாக ஆறவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தேன். சம்ப் காய்ந்திருந்தது. கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங்கின் வெளிப்பக்கத்தில், மேலிருந்து கீழாக ஒரே ஒரு ஈரக் கோடு. ரியர் மெயின் சீல் கசிந்திருந்தால் ஆயில் ஹவுசிங்கின் உள்ளிருந்து, அடியில் வழிய வேண்டும். இது வெளியே, மேலிருந்து இறங்குகிறது. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், நின்றால் அது கீழே இறங்கும். அதனால் ஈரம் எங்கே அதிகம் என்று பார்த்துப் பலனில்லை. ஈரமான இடங்களிலேயே எது உயரத்தில், எது முன்னால் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பானெட்டைத் திறந்து சின்னக் கண்ணாடியும் டார்ச்சுமாகத் தேடினேன். எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவர் ஓரம் காய்ந்திருந்தது. எஞ்சின் தலையின் பின்பக்கம், எஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டை ஒட்டிய இருட்டில், கேம் ஷாஃப்டின் சுழற்சியைக் கவனிக்கும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதைச் சுற்றி டால்கம் பவுடர் தூவி எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் வெள்ளைப் பவுடரில் சென்சாருக்கு அடியில் மட்டும் பிறை மாதிரி ஒரு பழுப்பு ஈரம், அதன் நுனியில் விழக் காத்திருக்கும் ஒரு சொட்டு. கியர்பாக்ஸை இறக்கச் சொன்ன கசிவு இதுதான்.

சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு 12 மி.மீ. போல்ட். ஆனால் கை நுழைய இடம் இல்லை, காயிலைக் கழற்றிய பிறகே எட்டியது. சென்சார் நிற்கும் கோணம்தான் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி பாயும் நேரத்தை, தீர்மானிக்கிறது. அதனால் கழற்றும் முன் சென்சாரின் உடம்பிலும் எஞ்சின் தலையிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொண்டேன். உள்ளே ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ரப்பராகவே இல்லை. ஒரு பக்கம் தட்டையாகி, பிளாஸ்டிக் போல இறுகி, வளைத்ததும் ஒடிந்தது. இத்தனை வருடம் சூட்டில் கிடந்த ரப்பர் வேறு எப்படி இருக்கும். புதியதில் எஞ்சின் ஆயில் தடவிப் போட்டு, கோட்டோடு கோடு சேர்த்து முடுக்கினேன். டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்ற இரண்டு முனைகளையும் கம்பியால் இணைத்து, டைமிங் லைட் அடித்துப் பார்த்தேன். 10 டிகிரி, சரியாக இருந்தது.

கையோடு எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் மாற்றிவிட்டேன். அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் கசிய வைக்கும்.

ஒரு வாரம் அட்டை விரித்துப் பார்த்தேன். பெரிய கறை இல்லை. அந்த வெளிர் மஞ்சள் சொட்டு மட்டும் அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. கிளட்ச் ரிசர்வாயரில் அளவும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மறுபடி வண்டியைத் தூக்கி, ஆட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கினேன். உள்ளிருந்து பிரேக் ஃப்ளூயிட் வழிந்தது; கிளட்சிலும் அதுதான் ஓடுகிறது. அந்த ஃப்ளூயிட் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதால் உடனே துடைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். புது சிலிண்டர் வந்துவிட்டது. அதை மாட்டும் வரை வண்டி வெளியே போகாது.